துணைக்கு வந்த அயனிகள்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல். அண்ணன் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. வாக்குச்சாவடியிலிருந்து வந்ததும் கொல்லைக் குழாயடியில் நின்று இடது கை ஆட்காட்டி விரலைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழியாது என்கிறார்களே, நிஜம்தானா என்று பார்க்கும் ஆசை.

"சித்தப்பா, பூசும்போது தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. இப்ப எதுக்கும் அசைய மாட்டேங்குதே?"

"அந்த மையில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"சில்வர் நைட்ரேட். லேப்ல கையில பட்டா கறுத்துடும்னு மேடம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"அப்ப இந்த நிமிஷம் உன் விரல்ல சில்வர் நைட்ரேட் இருக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கணும்" என்றாள்.

இல்லை. விரலில் இருப்பது வெள்ளி. நைட்ரேட் அதற்குள் சோப்பு நுரையோடு வழிந்து, குழாயடி வாழைக்குப் போய்விட்டது. ஒரே பாட்டிலில் ஒன்றாக வந்த இரண்டில் ஒன்று தோலோடு தங்கிவிட்டது, மற்றது கழுவிய தண்ணீரோடு கிளம்பிவிட்டது. எது தங்கும், எது கிளம்பும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட முடியுமா? முடியும். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் அதைச் சமன்பாடு எழுதும் விதியாக மட்டுமே கற்றிருக்கிறார்கள். கரைசலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் அழகான ஜன்னல் அது என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் உண்டு.

தேர்தல் மை 1962 பொதுத் தேர்தலிலிருந்து இந்தியாவில் பயன்பட்டு வருகிறது. மைசூரில் தயாராகிறது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் இருக்கும் வியர்வை உப்பைச் சந்திக்கிறது. உப்பில் குளோரைடு உண்டு. வெள்ளியும் குளோரைடும் சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாகித் தோலின் மேலடுக்கில் பிடித்துக்கொள்கின்றன. வெயில் பட்டதும் அதிலுள்ள வெள்ளி நுண்துகள்களாகப் பிரிந்து கறுக்கிறது. 1830-களில் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், தாளை உப்பு நீரில் நனைத்து அதன்மேல் வெள்ளி நைட்ரேட் பூசிப் புகைப்படம் எடுத்ததும் இதே வழியில்தான். ஓட்டுப் போட்ட விரல் ஒரு சின்னப் புகைப்படத் தாள்.

விரலில் நடப்பதைச் சோதனைக் குழாயில் நிதானமாகப் பார்க்கலாம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் உதவாது. அதில் ஏற்கெனவே குளோரைடு இருப்பதால், உப்பே போடாமல் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டாலும் பால் தெளித்தது போல் கலங்கும். இப்போது தெளிந்த உப்புக் கரைசலில், அதேபோல் தெளிந்த வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதுவத்திப் புகை போல ஒரு வெள்ளை இழை கீழே சுருண்டு இறங்கும். இன்னும் சில சொட்டுகள் விட்டுக் குலுக்கினால் இழைகள் திரிதிரியாகக் கூடும். 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று ஆய்வக நோட்டில் எழுதுவோமே, அப்படியே உறை பிரிந்த தயிர்தான். குழாயை ஜன்னலோரம் வைத்தால் சற்று நேரத்தில் அந்த வெள்ளையில் ஊதாச் சாயல் ஏறத் தொடங்கும்.

வீழ்படிவு என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடித்தமானது. வீழ்வது, பிறகு படிவது. நடப்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறது.

இதைப் பாடப்புத்தகத்தில் எப்படி எழுதுகிறோம்? சோடியம் குளோரைடும் வெள்ளி நைட்ரேட்டும் வினைபுரிந்து வெள்ளிக் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும் தருகின்றன. இரட்டை இடப்பெயர்ச்சி வினை. இரண்டு ஜோடிகள் துணை மாற்றிக்கொண்டதாக ஒரு படம் மனதில் பதிகிறது. அந்தப் படத்தில் பாதிதான் சரி. வெள்ளியும் குளோரைடும் சேர்ந்தது உண்மை. சோடியமும் நைட்ரேட்டும் சேரவே இல்லை. குழாயில் 'சோடியம் நைட்ரேட்' என்று சுட்டிக்காட்ட ஒரு பொருளும் கிடையாது. சோடியம் தன்பாட்டுக்கு இருக்கிறது, நைட்ரேட் தன்பாட்டுக்கு இருக்கிறது. கலப்பதற்கு முன் எப்படி இருந்தனவோ, பின்னும் அப்படியே.

இதை நம்புவதற்கு முதலில் உப்பு கரைவது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். உப்புக் கல்லுக்குள் சோடியமும் குளோரினும் கோலப் புள்ளிகள் போல, ஒன்றுவிட்டு ஒன்றாக, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைடு. ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். இதில் யார் யாருக்கு ஜோடி என்று கேட்கவே இடமில்லை. சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர் மின்சுமையோடும், குளோரின் ஓர் எலக்ட்ரானைப் பெற்று எதிர் மின்சுமையோடும் நிற்கின்றன. இப்படி மின்சுமை ஏறிய துகளுக்குத்தான் அயனி என்று பெயர். தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் லேசான எதிர்ச் சுமை, மறுபக்கம் லேசான நேர்ச் சுமை. உப்பு தண்ணீரில் விழுந்ததும் நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்து, கோலத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் கழற்றி எடுத்துப் போகின்றன. வேதியியலில் இந்தச் சூழ்தலை நீரேற்றம் என்பார்கள்.

அயனி என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1834-இல் மைக்கேல் ஃபாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெலின் உதவியோடு, மின்சாரம் பாயும்போது கரைசலில் நகர்ந்து செல்பவற்றுக்கு ஒரு கிரேக்கச் சொல்லைப் பெயராக வைத்தார். பொருள், 'செல்வது'. உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோமே, அதிலுள்ள 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் செல்லுதல் என்றுதான் பொருள். இரண்டு சொற்களும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் அயனி என்று எழுதும்போது ஒலியும் பொருளும் ஒருசேரப் பொருந்திவிட்டன.

மின்சாரம் பாயும்போதுதான் அயனிகள் உண்டாகின்றன என்பது அன்றைய எண்ணம். மின்சாரமே இல்லாமல், வெறுமனே கரைந்தாலே உப்பு அயனிகளாகப் பிரிந்து கிடக்கிறது என்ற கருத்தை நோக்கிப் போனவர் ஸ்வீடனின் ஸ்வான்டே அரேனியஸ். 1884-இல் அவர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டுக்குக் குறைந்த தரமே கிடைத்தது. சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும், குளோரின் மூச்சை அடைக்கும் வாயு. இவை இரண்டும் உப்பு நீரில் தனித்தனியே உலவுகின்றன என்றால் யார் நம்புவார்கள்? சோடியம் அணு வேறு, சோடியம் அயனி வேறு என்ற தெளிவு அப்போது வந்திருக்கவில்லை. 1903-இல் அதே கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படியும் எதிர்ப்பு ஓயவில்லை. 1927-இல்கூட ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலர், உப்புக்குள் மூலக்கூறே இல்லை, சதுரங்கக் கட்டம்தான் இருக்கிறது என்பதை ஏற்க மறுத்து 'நேச்சர்' இதழுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். எக்ஸ் கதிர்களைக் கொண்டு அந்தக் கட்டத்தை லாரன்ஸ் பிராக் காட்டி அப்போதே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அரேனியஸ் பக்கம் இருந்த சான்றுகளில் ஒன்று மிக எளியது. தண்ணீரில் எதைக் கரைத்தாலும் அது உறையும் வெப்பநிலை குறையும். எவ்வளவு குறையும் என்பது, கரைந்திருப்பது என்ன என்பதைவிட எத்தனை துகள் என்பதைப் பொறுத்தது. நீர்த்த கரைசலில், ஒரே மோல் அளவில் சர்க்கரையையும் உப்பையும் அளந்து கரைத்தால் உப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு குறைக்கிறது. கால்சியம் குளோரைடு ஏறக்குறைய மும்மடங்கு. ஓர் உப்பு இரண்டாகவும் மற்றது மூன்றாகவும் பிரிந்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு ஒத்துவரும்.

சரி, அயனிகள் தனித்தனியே உலவுகின்றன. அப்படியானால் வெள்ளி அயனியை மட்டும் ஒரு பாட்டிலில் அடைத்துக் கடையில் விற்கலாமே? முடியாது. நேர்ச் சுமைகள் மட்டும் ஓரிடத்தில் கூடினால் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும். கையில் எடுக்கும் அளவுக்குச் சேர்க்கவே இயலாது. எந்த நேரயனியை எங்கே கொண்டுபோனாலும் அதன் சுமையை ஈடுகட்டும் எதிரயனி கூடவே வர வேண்டும். நம் வீடுகளில் புதுப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது துணைக்கு ஒருவரை அனுப்புவோமே, அதுபோல. வெள்ளிக்குத் துணையாக நைட்ரேட் வந்தது. குளோரைடுக்குத் துணையாகச் சோடியம் வந்தது. வினை நடந்தது வெள்ளிக்கும் குளோரைடுக்கும் இடையே. துணைக்கு வந்த இரண்டும் வந்த கோலத்திலேயே நிற்கின்றன. இவற்றைப் பார்வையாளர் அயனிகள் என்று பாடத்தில் சொல்கிறோம். அந்தப் பெயர் தவறில்லை. ஆனாலும் பார்வையாளர் வராவிட்டால்கூட நாடகம் நடந்துவிடும். இவை வராவிட்டால் வெள்ளியும் குளோரைடும் குழாய்க்கு வந்தே சேர்ந்திருக்காது. அதனால் 'துணையயனி' என்பதே எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. இந்தக் கட்டுரையில் அப்படியே சொல்கிறேன்.

வெள்ளியும் குளோரைடும் ஏன் ஒட்டிக்கொண்டன, மற்றவை ஏன் ஒட்டவில்லை? ஒவ்வோர் அயனியையும் இரண்டு பக்கமிருந்து இழுக்கிறார்கள். ஒரு பக்கம் சூழ்ந்து நிற்கும் தண்ணீர், மறுபக்கம் எதிர்ச் சுமை கொண்ட அயனி. சோடியம், நைட்ரேட் விஷயத்தில் தண்ணீர் சுலபமாக வென்றுவிடுகிறது. வெள்ளி, குளோரைடு விஷயத்தில் அயனிகளின் பரஸ்பர ஈர்ப்பு வெல்கிறது. எவ்வளவு வலுவாக வெல்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் உப்பு சுமார் 360 கிராம் கரையும். வெள்ளி நைட்ரேட் 2 கிலோவுக்கு மேலேயே கரையும். வெள்ளிக் குளோரைடோ சுமார் 2 மில்லிகிராம்தான். 'கரையாதது' என்று சொல்வது ஒரு வசதிக்காக. அந்த 2 மில்லிகிராம் எப்போதும் கரைந்தே இருக்கும். இந்த நுணுக்கம் பின்னால் வேறு ஓர் இடத்தில் தலைகாட்டும்.

துணையயனியைக் கண்டுபிடிக்கும் முறையை அன்றைக்கு அண்ணன் மகளுக்கு அவளுடைய பூத் சிலிப்பின் பின்பக்கத்தில்தான் எழுதிக் காட்டினேன். முதலில் கரைசலில் பிரிந்து கிடப்பவற்றைப் பிரித்தே எழுத வேண்டும்: இடது பக்கம் சோடியம், குளோரைடு, வெள்ளி, நைட்ரேட் என நான்கு பெயர்கள். வலது பக்கம் வினைக்குப் பிந்திய நிலை: வெள்ளிக் குளோரைடு என்ற திண்மம், சோடியம், நைட்ரேட். இப்போது இரு பக்கமும் ஒரே வடிவில் இருப்பவற்றை அடித்துவிடு. சோடியம் அடிபடும், நைட்ரேட் அடிபடும். மிஞ்சுவது: வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்தால் வெள்ளிக் குளோரைடு. இதற்கு நிகர அயனிச் சமன்பாடு என்று பெயர். நிகர வருமானம் என்கிறோமே, வரவு செலவில் இரு பக்கமும் இருப்பதைக் கழித்துவிட்டு மிஞ்சுவது, அந்த நிகரம்தான் இது.

எதைப் பிரித்து எழுதலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். வீழ்படிவை ஒருபோதும் பிரிக்கக் கூடாது. அது கோலமாக அடுக்கப்பட்டுவிட்டது. வாயுவாக வெளியேறுவதையும், தண்ணீரையும், அசிட்டிக் அமிலம் போலப் பெரும்பாலும் பிரியாமலே கரைந்திருப்பவற்றையும் முழுதாக எழுத வேண்டும். மற்றபடி நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் உப்புகளும் எல்லா நைட்ரேட்டுகளும் பொதுவாக நன்றாகக் கரையக்கூடியவை. ஆகவே வீழ்படிவு வினையில் இவற்றில் ஒன்றைக் கண்டால் அது பெரும்பாலும் துணைக்கு வந்ததாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் ஏன் எதற்கெடுத்தாலும் நைட்ரேட்டும் சோடியமும் பொட்டாசியமுமாகவே பாட்டில்கள் இருக்கின்றன என்ற கேள்விக்கும் இதுவே விடை. வம்புக்குப் போகாத துணையாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவளையே ஒன்று போடச் சொன்னேன். காரீய நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும். மஞ்சளாக வீழும் காரீய அயோடைடு. சூடான நீரில் கரைத்து மெல்ல ஆறவிட்டால் தங்கத் தகடுகளாக மின்னி மின்னி இறங்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவள் பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் சரியாக அடித்தாள். ஆனால் ஒரு காரீயத்துக்கு ஓர் அயோடைடு என்று எழுதியிருந்தாள். காரீய அயனிக்கு இரட்டைச் சுமை. இரண்டு அயோடைடு வேண்டும். அணுக்கள் சமமாக இருந்தால் போதாது, மின்சுமையும் இரு பக்கமும் சமமாக வர வேண்டும் என்றதும் தானே திருத்திக்கொண்டாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "உப்பையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் கலந்தா? நாலும் அடிபட்டுப் போகுதே!"

மிக நல்ல கேள்வி. நான்கும் அடிபட்டால் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். நான்கு துணையயனிகள், நடுவில் கல்யாணமே இல்லை. இதைக் காகிதத்தில் மட்டும் சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும். அளந்தவர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்த ஜெர்மைன் ஹெஸ். 1840-களில், அயனிக் கொள்கை பிறக்கப் பல பத்தாண்டுகள் இருக்கும்போதே, வீழ்படிவு தராத இரண்டு நடுநிலை உப்புகளின் நீர்த்த கரைசல்களைக் கலந்தால் வெப்பமானி அசைவதில்லை என்று அவர் கண்டார். இரட்டை இடப்பெயர்ச்சி நிஜமாகவே நடந்திருந்தால், பழைய பிணைப்பு அறுந்து புதிய பிணைப்பு உண்டாகும்போது கொஞ்சமாவது சூடோ குளிரோ தெரிய வேண்டும். தெரியவில்லை. காரணம் அவருக்கு விளங்கவில்லை. அரேனியஸுக்குப் பிறகே விளங்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளிக் குளோரைடு வீழும்போது வெப்பம் வெளிப்படுகிறது. 143 கிராம் வீழ்படிவுக்குச் சுமார் 65 கிலோஜூல், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமார் 15 டிகிரி சூடாக்கும் அளவு. கரைசல்கள் நீர்த்தவையாக இருக்கும் வரை, உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடை எடுத்தாலும் இதே அளவுதான். துணை மாறினாலும் கணக்கு மாறவில்லை. துணையயனியைக் கண்டறிய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை: மாற்றிப் பார், எதுவும் மாறவில்லையென்றால் அது வினையில் இல்லை.

மாற்றிப் பார்ப்பதில் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. குளோரோஃபார்ம் மூலக்கூறில் மூன்று குளோரின் உண்டு. அதை வெள்ளி நைட்ரேட் கரைசலோடு குலுக்கினால் தயிர் வராது. அந்தக் குளோரின் கார்பனோடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது, அயனியாக உலவவில்லை. வெள்ளி தேடுவது பெயரை இல்லை, உலவும் குளோரைடு அயனியை. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் வெர்னர் இதையே துருப்பாக வைத்துக்கொண்டார். கோபால்ட், அம்மோனியா, குளோரின் கொண்ட சேர்மங்கள் சில உண்டு. எல்லாவற்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின்தான். ஆனால் வெள்ளி நைட்ரேட் விட்டால் ஆறு அம்மோனியா உள்ள சேர்மத்தில் மூன்று குளோரினும் உடனே வீழ்கின்றன, ஐந்து உள்ளதில் இரண்டு, நான்கு உள்ளதில் ஒன்றே ஒன்று. வீழாத குளோரின் கோபால்ட்டின் கைப்பிடிக்குள் இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். அணைவுச் சேர்மங்களின் வேதியியல் அங்கிருந்து வளர்ந்தது. 1913-இல் அவருக்கு நோபல் பரிசு.

இருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஒரு சோதனையைக் காட்டித் துணையயனி இருக்கிறது என்று நம்ப வைக்க வேண்டுமென்றால் நான் பல்பைத்தான் எடுப்பேன். கரைசலில் இரண்டு மின்முனைகளை முக்கி, சுற்றில் ஒரு சிறு பல்பைச் சேர்த்துவிட வேண்டும். அயனிகள் உலவினால் பல்பு எரியும். உலவ யாரும் இல்லையென்றால் அணையும். உப்புக் கரைசலில் பல்பு எரிகிறது. வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். வெள்ளைத் தயிர் திரண்டு கீழே இறங்குகிறது, குளோரைடு ஒவ்வொன்றாகக் காலியாகிறது. பல்பு மங்க வேண்டாமா? மங்கவில்லை. போன ஒவ்வொரு குளோரைடுக்கும் பதிலாக ஒரு நைட்ரேட் வந்து நிற்கிறது. சோடியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குளோரைடு அத்தனையும் தீர்ந்த நிமிடத்திலும் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வெளிச்சம் முழுக்க முழுக்கத் துணையயனிகளின் வெளிச்சம்.

இப்போது வேறொரு கண்ணாடிக் குடுவை. அதில் பேரியம் ஹைட்ராக்சைடு. நச்சுப் பொருள், ஆசிரியர்தான் கையாள வேண்டும். பல்பு பளிச்சென்று எரிகிறது. பியூரெட்டிலிருந்து கந்தக அமிலம் இறங்குகிறது. வெள்ளையாகப் பேரியம் சல்பேட் வீழ்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீராகின்றன. இங்கே நான்கு பேரும் மணமக்கள்; துணைக்கு வந்தவர் யாருமில்லை. பல்பு மங்குகிறது, சிவக்கிறது, இழை மட்டும் தெரிகிறது, சரியான அளவு வந்ததும் அணைந்துவிடுகிறது. வகுப்பில் சத்தமே இருக்காது. இன்னும் சில சொட்டு அமிலம் விட்டால் மறுபடி உயிர் பெறும், இம்முறை கூடுதலாக வந்த அமிலத்தின் அயனிகளால். இரண்டு குடுவைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது. பள்ளிகளில் இதைச் செய்து காட்ட ஒரு பீரியட் போதும்.

துணையயனி என்பது பிறவிக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு குடுவையில் சும்மா நிற்பது இன்னொரு குடுவையில் இறங்கி வேலை செய்யும். ஏன், ஒரே குடுவையிலேயே மனம் மாறும். குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களில் தினமும் நடப்பது இது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் குளோரைடை அளப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1000 வரை. அளக்கும் முறை, 1850-களில் ஜெர்மனியின் கார்ல் ஃப்ரீட்ரிக் மோர் கொடுத்தது. தண்ணீர் மாதிரியில் சிறிதளவு பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்ப்பார்கள். எலுமிச்சை மஞ்சள் நிறம் வரும். பிறகு வெள்ளி நைட்ரேட்டைப் பியூரெட்டிலிருந்து விடுவார்கள். வெள்ளி குளோரைடோடும் சேரலாம், குரோமேட்டோடும் சேரலாம். குளோரைடு இருக்கும் வரை அதுவே முந்திக்கொள்கிறது. குரோமேட் மஞ்சளாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அது கலப்படமில்லாத துணையயனி. கடைசிக் குளோரைடும் தீர்ந்து, கரைசலில் வெள்ளி மெல்லக் கூடும் கணத்தில் குரோமேட்டின் முறை வருகிறது. செங்கல் நிறத்தில் ஒரு திட்டு தோன்றி, குலுக்கினாலும் மறையாமல் நிற்கிறது. குழாயைத் திருகி மூடி, அளவைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவரை சும்மா நின்றது வேலையில் இறங்கியதை வைத்தே, வேலை செய்தவர் தீர்ந்துபோனதைக் கண்டுபிடிக்கிறோம்.

கரையாமை என்பதும் அப்படித்தான், பிறவிக் குணம் இல்லை. வயிற்றைப் படமெடுக்கும் முன் வெள்ளையாகக் குழம்பு போல ஒன்றைக் குடிக்கச் சொல்வார்கள். 'பேரியம் மீல்'. பேரியம் அயனி உடலுக்கு நஞ்சு. ஆனால் குடிப்பது பேரியம் சல்பேட். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கரையும், வயிற்று அமிலத்திலும் அசையாது. பேரியம் அயனி கோலத்தைவிட்டு இறங்காததால் ஆபத்தில்லை. இதே போலத் தண்ணீரில் கரையாத பேரியம் கார்பனேட் எலி மருந்து. வயிற்று அமிலத்தில் கார்பனேட் வாயுவாகக் கிளம்பிவிடும். பேரியம் அவிழ்ந்து உலவத் தொடங்கிவிடும். 'கரையாதது' என்று அட்டவணையில் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிட முடியாது. எதில் கரையாதது என்று கேட்க வேண்டும்.

துணையயனிகள் சும்மா நிற்பதால் தொல்லை தராதவை என்று நினைக்க வேண்டாம். துல்லியமாக எடை பார்ப்பவர்களுக்கு அவை பெரிய தலைவலி. வீழ்படிவு வேகமாகத் திரளும்போது அருகிலிருக்கும் துணையயனிகளையும் உள்ளே வாரிப்போட்டு மூடிக்கொள்ளும். பேரியம் சல்பேட் இதில் பேர்போனது. ஹார்வர்டின் தியடோர் ரிச்சர்ட்ஸ் தனிமங்களின் அணு எடையை அளக்கும் வேலையில் வாழ்நாளைச் செலவிட்டவர்; அவருடைய அளவீடுகளில் பல, வெள்ளி உப்புகளை வீழ்படிவாக்கி நிறுப்பதை நம்பியிருந்தன. வீழ்படிவுக்குள் ஒளிந்துவந்த அந்நியப் பொருளையும், கழுவிய நீரில் கரைந்து நழுவிய வெள்ளிக் குளோரைடையும் அவர் விடாமல் துரத்தினார். முன்னே சொன்ன அந்த 2 மில்லிகிராம் இங்கேதான் தலைகாட்டுகிறது. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் கலங்கலை ஒளியைக்கொண்டு அளக்க ஒரு கலங்கல்மானியையே உருவாக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்கு. அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர்.

அவ்வளவு துல்லியம் கல்லூரி ஆய்வகத்தில் வேண்டியதில்லை. ஆனாலும் கழுவித்தான் ஆக வேண்டும். ஓர் உப்பில் எவ்வளவு சல்பேட் இருக்கிறது என்று பார்க்கப் பேரியம் குளோரைடு சேர்த்து, வீழும் பேரியம் சல்பேட்டை வடிகட்டி நிறுப்போம். குளோரைடு இங்கே துணைக்கு வந்தது. வடிதாளில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அதைச் சுடுநீர் விட்டு விட்டுப் போக்க வேண்டும். போய்விட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கு நிறமில்லை, மணமில்லை. புனலின் காம்பிலிருந்து சொட்டும் கடைசித் துளிகளைச் சின்னக் குழாயில் பிடித்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டும் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டும் விட்டு, கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊதுவத்திப் புகை போல ஓர் இழை தெரிந்தால் குளோரைடு இன்னும் கிளம்பவில்லை. இன்னொரு முறை சுடுநீர். மறுபடி ஒரு சொட்டு. மூன்றாவதோ நான்காவதோ தடவை, சொட்டு விழுந்த இடமே தெரியாமல் நீர் தெளிவாக நிற்கும். அப்போது வடிதாளை மடித்துச் சூளைக்கு அனுப்பலாம்.